சுகந்தி கரண்ட் அடித்துச் சாகவில்லை

செய்தி வந்தபோது நான் நசரத்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் பேனல் சட்டத்தின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். போன் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடந்தது. திரையில் என் மனைவி சுகந்தியின் பெயர். எடுத்து, "இன்னா, சொல்லு" என்றேன். பேசியது அவள் இல்லை. வெள்ளானூரில் இட்லி மாவு அரைத்து விற்கும் பாக்கியம் அக்கா. அன்று காலை சுகந்தி பேட்டரி பார்க்கப் போயிருந்தது அவர்கள் வீட்டுக்குத்தான்.

"நைனா, நான் பாக்கியம் பேசறேன். ஒடனே கெளம்பி வா. சுகந்தி வுழுந்துட்ச்சி. கண்ணே தொறக்க மாட்டேங்குது."

அந்த போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். கை தானாகச் செய்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் மருத்துவர். அந்த இடம் வெகுநாளாகவே பலவீனமாக இருந்திருக்கும், சமைத்துக்கொண்டிருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும் வெடித்திருக்கும் என்றார். எடுத்திருந்த படத்தைத் திரையில் காட்டினார். நான் எலக்ட்ரிகல் படித்தவன். உடம்புக்குள் மின்சாரம் பாய்ந்தால் எங்கே நுழையும், எங்கே வெளியேறும், தோலில் என்ன தடம் விடும் என்று எனக்குத் தெரியும். அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். பாதங்களைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கேட்டதற்கு மருத்துவரும் இல்லை என்றார்.

படத்திறப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது எழுது என்றார்கள். அவளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பலர் வீட்டுப் படிக்கட்டின் அடியில் அவள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள். அதனால் அவள் எப்படிப்பட்டவள் என்று நான் அழகாகச் சொல்லவேண்டியதில்லை. அவள் எதனால் சாகவில்லை என்பதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

அவளை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை கோவில்பதாகை முனையில் பேனரைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. எங்கள் கல்யாணப் போட்டோவில் என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே நண்பர்களின் தலைகள் வரிசையாக. நடுவில் சிவப்பில், "பணியின்போது மின்சாரம் தாக்கி வீரமரணம் அடைந்த எங்கள் அன்பு அண்ணி" என்று இருந்தது. சாவு என்றால் பேனர், பேனர் என்றால் ஒரு கெத்து. நம் பக்கத்து வழக்கம் அது. வண்டியை நிறுத்தி, பக்கத்துக் கடையில் ஏணி வாங்கி, ஏறி, கயிற்றை அறுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு நண்பனான தீனா ஓடி வந்தான். பேனரை அடித்து மாட்டியது அவன்தான்.

"மச்சான், இன்னாடா பண்ற? எறங்குடா மொதல்ல."

"அவ கரண்ட் அடிச்சி சாகலடா."

"பேட்டரி வேலைக்கு போன எடத்துலதானடா…"

"போன எடத்துல. வேலைல இல்ல."

"டேய், நரம்பு வெடிச்சிட்ச்சின்னு பேனர்ல போட்டா நல்லாவா கீது? அண்ணிக்கு ஒரு கெத்தா இருக்கட்டும்னு போட்டோம். ராத்திரியெல்லாம் அலைஞ்சி அடிச்சிகினு வந்தோம்டா."

"அவளுக்கு கெத்து வேணாம்டா. சரியா இருந்தா போதும்."

"எங்க மூஞ்சியெல்லாம் கீதுடா அதுல. கிழிக்காத."

கிழிக்கவில்லை. சுருட்டி அவன் கையில் கொடுத்தேன். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் செய்தது பாசத்தில் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் பேனரைப் போட்டோ எடுத்து ஆவடி முழுக்க அனுப்பிவிட்டிருந்தார்கள். அன்று மாலையே ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, மனசு கஷ்டமா கீது. நாங்க ஊட்ல இன்வெர்ட்டர ஆஃப் பண்ணி வெச்சிட்டோம். கொழந்தைங்க இருக்கற ஊடு பாரு." அடுத்த நாள் இன்னொருவர். அதற்கடுத்த நாள் வேறொருவர், பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லி.

வீரமரணம் என்று எழுதினால் பெருமை என்று நினைக்கிறீர்கள். எங்கள் தொழிலில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: அந்த ஆள் எதையோ சரியாகச் செய்யவில்லை. ஒரு இணைப்பைத் தளர்வாக விட்டாள், அல்லது எர்த்தை மறந்தாள், அல்லது அணைக்காமல் கை வைத்தாள். அவள் மாட்டிய ஒவ்வொரு வயரையும் அந்த பேனர் சந்தேகப்பட வைத்தது. சுகந்தி திரும்பி வந்து பதில் சொல்ல முடியாது. நான் சொல்கிறேன்.

கோவில்பதாகையில் நாங்கள் கடை போட்டபோதே வேலையைப் பிரித்துக்கொண்டோம். மாடியில் இருப்பதெல்லாம் எனக்கு: பேனல், சட்டம், சாய்வு. வீட்டுக்குள் இருப்பதெல்லாம் அவளுக்கு: பேட்டரி, இன்வெர்ட்டர், எர்த். நான் பொறியியல் பட்டம், அவள் டிப்ளமோ. அதை வைத்து என்னைக் கலாய்க்காத நாள் கிடையாது. "இஞ்சினீரு மேல கீறாரு, வெயில்ல காயறாரு, நாம கீழ நெயல்ல ஒக்காந்து ஊட்டுக்காரம்மா கிட்ட காப்பி குடிப்போம்" என்பாள். பேனல் என்பது வெயில் பட்டால் வேலை செய்யும், தூசு துடைத்தால் போதும். பேட்டரி அப்படியில்லை. தினமும் தின்று தினமும் கொடுக்கிற பொருள் அது. கஷ்டமான பாதியை அவள் எடுத்துக்கொண்டாள் என்று நான் சொன்னால், "கஷ்டம் இல்லபா, கவனம்" என்பாள்.

பூந்தமல்லியில் ஒரு அடுக்குமாடி வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஐடியில் வேலை பார்க்கும் கணவன், மனைவி. நான் பேனல் வைக்க இடம் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது கூடத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"இருக்கறதுலயே பெரிய பேட்டரியா போட்டுருங்க. ஏசி ராத்திரி பூரா ஓடணும்லா" என்றார் அவர்.

"சார், ஒங்க ஊட்ல கரண்டு போனா எம்மா நேரத்துல திரும்பி வரும்?"

"ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். புயல் அடிச்சாதான் ஜாஸ்தி."

"அப்ப ராத்திரி பூரா ஓட்ற பேட்டரி இன்னாத்துக்கு சார்?"

"ஆபீஸ்ல ஒருத்தர் போட்டிருக்காரு. ஏசி போட்டு தூங்குதாராம்."

"அவரு ஊட்ல அவரு தூங்கட்டும் சார். ஒங்க ஊட்டுக்கு வருவோம்."

அவர் மனைவி சிரித்துவிட்டார். பிறகு சுகந்தி வீடு முழுக்க நடந்தாள். கரண்ட் போனால் நிற்கவே கூடாதது எது, நின்றால் பரவாயில்லை என்பது எது, இரண்டாகப் பிரிக்கச் சொன்னாள். கணவன் ஏசியைச் சொன்னார். மனைவி, வேலை செய்யும் கம்ப்யூட்டர்களையும் வைஃபையையும் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் சொன்னார். மனைவி சொன்னதுதான் ஜெயித்தது. பெரிய பேட்டரி வாங்கினால் அதை நிரப்ப அதற்கேற்ற பேனல் வேண்டும், உங்களுக்குக் கிடைத்திருக்கும் மாடிப் பங்கில் அத்தனை இடம் இல்லை, நிரம்பாத பேட்டரி சீக்கிரம் கெடும் என்று விளக்கினாள். அவர்கள் அடிக்கடி பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, காற்றோட்டமான மூலையும் இல்லை. அதனால் தண்ணீர் ஊற்றும் பேட்டரி வேண்டாம், லித்தியம் போதும், அதுவும் சின்னது என்றாள். வீட்டில் இருந்த பழைய இன்வெர்ட்டரிலேயே அதை மாட்டிவிடலாமா என்று அவர் கேட்டார்.

"அதுக்கு பொருத்தம் பாக்கணும் சார்."

"ஜாதகமா?"

"செட்டிங் சார். இது வேற வோல்ட்டேஜ்ல சாப்புட்ற பேட்டரி. ஒங்க இன்வெர்ட்டருல லித்தியத்துக்கு செட்டிங்கே கெடையாது. அந்த பழைய பேட்டரிக்கு போட்ட சாப்பாட்டையே இதுக்கும் போடும். ஒத்துக்காது."

பெரிய பேட்டரி விற்றிருந்தால் எங்களுக்கு நல்லதுதானே என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்பார்கள். அவள் சொல்வது இதுதான்: "வாங்கற அன்னிக்கு எல்லாரும் பேட்டரிய பாக்கறாங்க. அப்பறம் நான் மட்டும்தான் பாக்கறேன். என்னால பாக்க முடிஞ்சததான் விப்பேன்."

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் எதேச்சையாகப் பட்டறைக்குள் போனோம். பேட்டரியின் தலையில் இருக்கும் மூடிகள் ஒவ்வொன்றின் மேலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார். ஈரமான சாமந்தி மாலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கிடந்தது. சுகந்தி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணாத்தே, இது இன்னா வேல? மூக்கு மேல சந்தனம் அப்பி கீறீங்க?"

"ஆயுத பூஜம்மா. வேல செய்யற பொருளுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"மரியாத குடுங்க. மூச்ச வுடவும் வுடுங்க."

"பேட்டரி மூச்சு வுடுமா?" என்று சிரித்தார்.

"சார்ஜ் ஏறும்போது அந்த மூடி வழியாதான் காத்து வெளிய வரும். நெருப்பு புடிக்கிற காத்து. நீங்க வழிய அடச்சிட்டு, சூடம் வேற காட்டி கீறீங்க. அதோ, சாம்பல் கீது பாருங்க."

கோவிந்தன் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு வாசல்வரை பின்னால் போனார். அவள் மாலையை எடுத்தாள், சந்தனத்தை வழித்தாள், சோடா உப்புக் கரைத்த துணியால் மேல்பக்கத்தைத் துடைத்து, ஈரம் போகக் காய்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். பிறகு அவரையே கூப்பிட்டு, பக்கவாட்டு உடம்பில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். "இங்க வையுங்க, எவ்ளோ வேணா வையுங்க. சூடத்த வாசல்ல காட்டுங்க. சாமி அங்கேருந்து பாத்துக்கும்." அதன் பிறகு ஆண்டுதோறும் பூஜைக்கு முந்தைய வாரம் அவளே வீடு வீடாகப் போய்ப் பக்கவாட்டில் பொட்டு வைத்துவிட்டு வருவாள். நீங்கள் மூடி மேல் வைக்கும் முன்பு அவள் பக்கவாட்டில் வைத்துவிட வேண்டும், அதற்குத்தான். கும்பிடாதே என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அது எங்கள் வீட்டு விஷயம், ஆனாலும் தெருவில் எல்லோரும் பேசியதுதான். பேட்டரி வேலைக்குப் போகும்போது அவள் வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கடையில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். மெட்டி மட்டும் ஷூவுக்குள் இருக்கும். முதல் முறை பார்த்தபோது என் அம்மா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"தாலிய கழட்டி ஆணில மாட்டிட்டு போறியே, நல்ல குடும்பத்து பொண்ணு பண்ற வேலையாடி இது?"

"அத்தே, குனிஞ்சி வேல செய்யும்போது சங்கிலி ரெண்டு முனைக்கும் நடுவுல பட்டுதுன்னு வையுங்க. தங்கம் உருகி என் நெஞ்சுல ஒட்டிக்கும். ஒங்க புள்ளைக்கு பொண்டாட்டி வேணுமா, சங்கிலி வேணுமா?"

"நீ கழட்டினா ஒனக்கு ஒண்ணும் ஆவாதுடி. அவனுக்குத்தான் ஆவும்."

"அவருக்கு இன்னா ஆவும், மாடில ஜாலியா கீறாரு."

அம்மா மட்டும் சொல்லவில்லை. தெருவே சொன்னது. உங்களில் சிலரும் சொன்னீர்கள். அந்தக் கணக்குப்படி போயிருக்க வேண்டியவன் நான். நான் இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொன்ன அதே வாய்கள்தான் இப்போது கரண்ட் என்கின்றன. அவளைக் கிடத்தியிருந்தபோது கழுத்தில் தாலி இல்லையே என்று பெண்கள் தேடினார்கள். அம்மா கடைக்கு நடந்து போய் ஆணியிலிருந்து எடுத்து வந்தாள். கடைசி நாளும் அவள் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். தன் தொழிலின் விதியை ஒரு நாளும் மீறாதவளை மின்சாரத்தின் கையில் மாட்டிவிடுகிறீர்கள்.

பாக்கியம் அக்கா வீட்டுக்கு நான் போனது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. போகவேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டு பேட்டரியை எடுத்துப் போகப் பழைய பேட்டரி வாங்குகிறவர் வரப்போகிறார் என்று தீனா சொன்னான். பேனர் விஷயத்துக்குப் பிறகு அவன் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. இதைச் சொல்ல மட்டும் வந்தான். சுகந்தி கடைசியாகப் பார்க்கப் போன பேட்டரி அது. அதைக் கழற்றி எடுத்துப் போனால் கதை முடிந்துவிடும். அந்தப் பெண்ணைக் கொன்ற பேட்டரியை வீட்டுக்காரர்களே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும். பேனரை நான் இறக்கியதற்கு அர்த்தமே இருக்காது.

அந்த வீட்டில் அவள் போட்டுக் கொடுத்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாக்கியம் அக்கா கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் சேர்த்து பேட்டரியில் ஓட்டவேண்டும் என்று கேட்டார். சுகந்தி முடியாது என்றாள். கிரைண்டர் மோட்டார் கிளம்பும்போது ஒரே இழுப்பில் பலமடங்கு கேட்கும், அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்கி பேட்டரியை வாட்டாதே, வெயில் இருக்கும்போது பேனல் பலத்தில் அரைத்துவிடு, அரைத்த மாவைக் காப்பாற்ற ஃபிரிட்ஜுக்கு மட்டும் பேட்டரி என்றாள். காலையில் அரைத்துப் பழகிய பாக்கியம் அக்கா ஒரு வாரம் திட்டிவிட்டு, பிறகு மதியம் அரைக்கப் பழகிக்கொண்டார். இரண்டு பெரிய பேட்டரிகள், தண்ணீர் ஊற்றும் வகை. வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கிறது, படிக்கட்டின் அடியில் நல்ல காற்று, அதனால் இதுவே போதும் என்றாள். ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் மட்டும். "ஆர்ஓ தண்ணி சுத்தம்தானேம்மா, நாங்களே குடிக்கறமே" என்றதற்கு, "நீங்க குடிங்க, அது குடிக்காது" என்றாளாம்.

நான் போனபோது படிக்கட்டின் அடியில் பேட்டரிகள் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. சுவரில் வேப்பிலைக் கொத்து. ஃபிரிட்ஜை பக்கத்துத் தெரு ஆளை வைத்து நேரடியாக மின்வாரிய லைனில் மாட்டியிருந்தார்கள். புளித்த மாவின் வாடை வீடு முழுக்க இருந்தது.

"நேத்து மத்தியானம் கரண்டு போயி சாயங்காலம்தான் வந்துச்சி நைனா. எல்லா மாவும் பொங்கி பூட்ச்சி. சாக்கடைல கொட்டினேன்" என்றார் பாக்கியம் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பறம் ஏங்க்கா அமத்தி வெச்சிருக்கீங்க?"

"தொட கை வர்ல."

"அக்கா, நீங்கதான் கூட இருந்தீங்க. அவ பேட்டரிய தொட்டாளா?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தொடலன்னுதான் நெனப்பு. ஆனா ஊரே ஒண்ணு சொல்லிகினு கீது. பேனர்லயே போட்டுட்டாங்க. எல்லாரும் சொல்ல சொல்ல, நான் பாத்ததே எனக்கு சந்தேகமா பூட்ச்சி நைனா."

நான் தார்ப்பாயை விலக்கினேன். அவளுடைய கருவிப் பை சுவரோரம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஜிப் முழுதாக மூடியிருந்தது. என் கையால் இரண்டு முனைகளையும் பிடித்துக்காட்டி, இந்தக் குறைந்த வோல்ட்டேஜ் காய்ந்த கையை ஒன்றும் செய்யாது என்று நிரூபிக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. செய்யவில்லை. வாடிக்கையாளர் முன் வித்தை காட்டுகிறவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. பையைத் திறந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, முறையாக ஆரம்பித்தேன். மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சினேன். மிதவை மேலே வரவே இல்லை. பேட்டரியின் எல்லா அறையிலும் சிவப்புக் கோட்டில்தான் நின்றது. அன்று அவள் வந்ததே, முந்தைய இரண்டு நாளும் மழை, கரண்ட்டும் இல்லை, பேட்டரி அடிவரை இறங்கிவிட்டது என்று இவர்கள் கூப்பிட்டதால்தான். காலியாக இருந்ததை அப்படியே அணைத்துவிட்டார்கள். காலி பேட்டரியைச் சும்மா போட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து இறுகும். இன்னும் சில வாரம் போனால் எதுவும் செய்ய முடியாது.

"செத்து பூட்ச்சா?" என்றார் பாக்கியம் அக்கா.

"பட்டினி. மெதுவா குடுத்தா எழுந்துக்கும்."

முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். பழைய பேட்டரி வாங்குகிறவர் இன்னொரு ஆளுடன் உள்ளே வந்தார். படிக்கட்டின் அடியில் எட்டிப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"இதானாக்கா அந்த பேட்டரி? அந்த பொண்ண தூக்கி அடிச்சிதாமே, அது?"

நான் ஸ்பேனரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் விடவில்லை. "இத்த தொடவே நம்ம பையன் பயப்பட்றான். வயர நீங்களே கழட்டி வுட்ருங்க அண்ணாத்தே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"யார்ரா சொன்னது?"

பாக்கியம் அக்காவின் குரல். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஊரே சொல்லுதேக்கா."

"ஊரா இங்க இருந்துச்சி? நான்டா இருந்தேன். வாசல்ல ஷூவ தட்டிட்டு வந்துச்சி. பைய சுவத்தாண்ட வெச்சிச்சி. 'அக்கா, தல விண்ணு விண்ணுனு தெறிக்குது, கொஞ்சம் தண்ணி குடு'ன்னு அதோ, அந்த சேர்ல ஒக்காந்துச்சி. நான் சொம்ப எடுத்துகினு திரும்பறதுக்குள்ள சாஞ்சிட்ச்சி. பேட்டரி எங்க கீது, சேரு எங்க கீது? கண்ணு தெரியல ஒனக்கு? அது பேட்டரி கிட்டயே போகலடா. தொடவே இல்லடா!"

சொல்லச் சொல்ல அவருக்கே அது திரும்பி வருவது தெரிந்தது. விரலை நீட்டி, சேரையும் பேட்டரியையும் மாறி மாறிக் காட்டினார். இடையில் கூடத்தின் முழு அகலம் இருந்தது. வந்தவர் கையைக் கூப்பினார்.

"சர்தான்க்கா, கோச்சுக்காதே. நான் கேள்விப்பட்டத சொன்னேன்."

"போற வழில டீக்கடைல சொல்லிட்டு போ. பாக்கியம் சொன்னான்னு சொல்லு."

வண்டி போன பிறகு நான் பேனலிலிருந்து வரும் ஸ்விட்சைப் போட எழுந்தேன். பாக்கியம் அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "நீ ஒக்காரு. நான் போட்றேன். என் ஊட்டு ஸ்விட்ச்சி." போட்டார். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். நான் மின்னோட்டத்தைக் குறைத்து வைத்து, அளவு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல வெயில் அடித்த நாட்கள். தினமும் போய்ப் பார்த்தேன். மிதவை சிவப்பிலிருந்து எழுந்து வெள்ளைக்கு வந்தது, பிறகு பெரும்பாலான அறைகளில் பச்சையைத் தொட்டது. ஒரு பேட்டரி பழைய பலத்துக்கு வரவில்லை, வராது. அதை மறைக்கமாட்டேன். முழு இரவு தாங்காது, ஃபிரிட்ஜை ஒரு மாலைப்பொழுது தாங்கும் என்று பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். அது போதும் என்றார்.

படம் திறக்கும்போது பாக்கியம் அக்கா முன்வரிசையில் உட்காருவார். சந்தேகம் இருப்பவர்கள் அவரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்கவேண்டாம். நான் அங்கே இல்லை, அவர் இருந்தார். இன்வெர்ட்டரை அணைத்து வைத்திருப்பவர்கள் இன்றே போடுங்கள். பயமாக இருந்தால் கூப்பிடுங்கள், வந்து உங்கள் எதிரிலேயே ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து காட்டுகிறேன். ஒன்றாவது தளர்ந்திருந்தால், எர்த் ஒன்றாவது விட்டுப்போயிருந்தால், அந்த பேனரை நானே மறுபடி மாட்டுகிறேன். இதுவரை ஏழெட்டு வீடுகள் பார்த்துவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது.

கடையை விற்றுவிடு என்கிறார்கள். பாதி வேலை தெரிந்தவன் எப்படிக் கடை நடத்துவாய் என்கிறார்கள். மாடியிலிருந்து இறங்கி அவள் வேலைக்கு வந்துவிட்டேன். பேனல் மாட்ட ஆட்கள் கிடைப்பார்கள்.

வெள்ளானூரில் வேலையை முடித்துப் பையைத் தோளில் மாட்டியபோது பாக்கியம் அக்கா கேட்டார்: "தண்ணி பாக்க அடுத்த மாசம் வருவியா நைனா, இல்ல வேற ஆள வெச்சிக்கறதா?" சுகந்தி உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கிளம்பும்போது, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளுடையது என்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான், அவள் வருகிறேன் என்று சொன்ன அத்தனை வீடுகளின் அடுத்த மாதத்தை. "வருவேங்க்கா" என்றேன்.